பூட் கழற்றியாச்சு, ஓடலாமா?

அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்தபோது, பாதத்தில் இரண்டாவது விரலுக்கு நேரே உள்ள எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம், பாதம் அசையாமல் காக்கும் மருத்துவ பூட் போட்டிருந்தேன். இப்போது வலி இல்லை. ஓடலாமா டாக்டர்?
– வாசகி, கோவை

பூட்டைக் கழற்றியது நடக்கத்தான் அம்மா, ஓட இல்லை. பாதத்தின் மேற்புறம் அந்த எலும்பை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். சுருக்கென்றால் இன்னும் பொறுக்க வேண்டும். வலியில்லாமல் சின்ன மேடு மட்டும் தட்டுப்பட்டால் பயம் வேண்டாம். புது எலும்பு வளர்ந்து ஒட்டிய இடம் அது.

வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். சமையலறைக்கென்று மெத்தென்ற செருப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்வரை, மூச்சு வாங்க வைக்கும் உடற்பயிற்சிக்கு சைக்கிள், நீச்சல் போதும்.

அரை மணி நேரம் வேகமாக நடந்தும், அன்றும் மறுநாளும் வலி இல்லையா? சரி, ஒரு நிமிடம் மெது ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆரம்பிக்கலாம். அதே இடத்தில் வலி எட்டிப் பார்த்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று ஓடிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் விரிசல் அதில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

அப்புறம், வைட்டமின் டி அளவைப் பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்பதையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஓடும் அளவுக்குச் சாப்பிடாத பெண்களுக்கு எலும்பு இப்படித்தான் வலுவிழக்கிறது. எடை குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை விடவே கூடாது.