வாசகர் கேள்வி–பதில்: பென்சிலுக்குப் பிறகுதான் ஏ.ஐ.

கேள்வி: ஆறாம் வகுப்பில் டோடோ (நம் தீவில் வாழ்ந்து அழிந்துபோன பறவை) பாடத்தை ஓவியத்தோடு சேர்த்து நடத்துகிறேன். ஏ.ஐ.யில் படம் உருவாக்கச் சொன்னால் பிள்ளைகள் கையால் வரைவதையே விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் செய்யலாம்? (ஆசிரியை, ரோஸ்ஹில், மொரீஷியஸ்)

பதில்: முதலில் பென்சில், பிறகு ஏ.ஐ. வரிசை மாறினால் உங்கள் பயம் பலித்துவிடும். பளபளப்பான படத்தை முதலில் பார்த்த பிள்ளை அதைத்தான் பார்த்து வரையும்.

போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே பறவையின் எலும்புகளைக் கோத்த டோடோ எலும்புக்கூடு இருக்கிறது. அதன் புகைப்படத்தை இருவருக்கு ஒன்றாகக் கொடுங்கள். கால் எலும்பையும் சிறகெலும்பையும் ஸ்கேலால் அளந்து ஒப்பிடட்டும். இந்தச் சிறகு அந்த உடம்பைத் தூக்குமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பிறகு 20 நிமிடம், எலும்பின்மேல் சதையும் இறகும் சேர்த்து வரையட்டும். பார்த்ததை ஐந்து வரிகளில் எழுதட்டும்: வளைந்த அலகு, குட்டைச் சிறகு, தடித்த கால், முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று.

இனி ஏ.ஐ. முதலில் 'டோடோ' என்ற ஒரே சொல். பெரும்பாலும் தொப்பை சரிந்த குண்டுப் பறவைதான் வரும். இங்கே அவசரப்படாதீர்கள், பாடத்தின் உயிரே இதுதான். ஏ.ஐ. எலும்பை வைத்துக் கணக்குப் போடுவதில்லை; தான் கற்ற படங்களின் சாயலில் வரைகிறது. 1620களில் டச்சு ஓவியர் ரூலண்ட் சவேரி தீட்டிய குண்டு டோடோவின் சாயல்தான் உலகெங்கும் பரவியது. அதே காலத்தில் முகலாய அரசவை ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ மெலிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, எலும்புக்கு எது பொருந்துகிறது என்று கேளுங்கள்.

அடுத்து அந்த ஐந்து வரிகளைக் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எந்தச் சொல் எதை மாற்றியது என்று தெரியும். 'குண்டாக வேண்டாம்' என்று எழுதினால் பல சமயம் குண்டாகவே வரும். 'மெலிந்த, நிமிர்ந்த' என்று எழுதுங்கள். கடைசிப் படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழிக்கச் சொல்லுங்கள். கால்விரலை எண்ணச் சொல்ல மறக்க வேண்டாம். ஒவ்வொரு சுழிக்கும் எலும்புக்கூட்டிலிருந்து ஓர் ஆதாரம் எழுத வேண்டும்.

பல சேவைகளில் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு தொடங்க முடியாது. உங்கள் கணக்கில், புரொஜெக்டரில் காட்டுங்கள்.

கேள்வி: மொரீஷியஸின் தேசிய மலரான ட்ரோகெட்டியாவைப் பாகங்களின் பெயரோடு வரைந்து தரும்படி ஏ.ஐ.யிடம் கேட்டோம். செம்பருத்தி வந்தது, தமிழ் எழுத்தும் சிதைந்திருக்கிறது. ஏன்?

பதில்: லெ மோர்ன் மலையில் மட்டும் இயற்கையாக வளரும் அரிய பூ அது, ஏ.ஐ. கற்ற படங்களில் குறைவாகவே இருந்திருக்கும். அதனால் நன்கு தெரிந்த பூவின் பக்கம் சாய்கிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல வாய்ப்பு. தலைகவிழ்ந்த மணி வடிவம், ஐந்து இதழ், சிவப்பு நிறம் என்று எழுதி, புகைப்படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எழுத்தை ஏ.ஐ. வெறும் கோடாக வரைவதால் கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. பெயரில்லாத படமாகக் கேட்டு, அச்சிட்டபின் பிள்ளைகளே கையால் எழுதட்டும்.