நாலாம் மாதத்துக் கல்லா

வணக்கம்.

துணிப்பை தைத்துக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் சிறுதொழில் ஒன்றைத் தொடங்கவிருக்கிறேன். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியை வைத்து 34 பக்கத்தில் திட்ட அறிக்கை எழுதி வங்கிக்குக் கொண்டுபோனேன். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, "மாதம் எத்தனை பை விற்றால் கையைக் கடிக்காது?" என்று கேட்டார். 450 என்றேன். கணக்கை மறுபடி போட்டுக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

என் கணக்கு இதுதான். பையைக் கடைக்கு 100-க்குக் கொடுப்பேன். துணி 38, தையல் கூலி 15, கைப்பிடியும் நூலும் 7, ஆக 60. மிச்சம் 40. வாடகை, மின்சாரம், கட்டிங் ஆளின் சம்பளம், கடன் வட்டி எல்லாம் சேர்த்து மாதம் 18,000. அதை 40-ஆல் வகுத்தால் 450 பை. மாதம் 1,000 விற்க முடியும் என்று நம்புகிறேன். இரண்டு தையல் மெஷினுக்குக் கடன் 1,20,000. நடைமுறை மூலதனம் 50,000. ஒரு பை தைக்க 18 நிமிடம் ஆகிறது. கடைகள் 45 நாள் கழித்துப் பணம் தருவதாகச் சொல்கின்றன.

எங்கே தவறு? இன்னும் என்னென்ன பக்கங்கள் சேர்க்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சேர்க்க ஒன்றும் இல்லை, குறைக்கத்தான் வேண்டும். தொலைநோக்கு, குறிக்கோள், பலம்–பலவீனப் பட்டியல் இவையெல்லாம் யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருப்பவை. கடன் கொடுப்பவர் அவற்றைப் படிப்பதில்லை. அதிகாரி கேட்டது நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குவோம். எந்த நாட்டு நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் உங்களைப் போலவே வெறும் எண்களாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 60. துணி 38 என்பது பேட்டர்னின், அதாவது பையை வெட்டும் வடிவ மாதிரியின், பரப்பை மட்டும் அளந்து போட்டது. வெட்டும்போது பேட்டர்ன்களுக்கு நடுவே சந்து விழும், துணிச் சுருளின் இரண்டு ஓரத்துக் கரை கழியும், சுருள் முடிகிற இடத்தில் ஒரு பைக்குப் போதாத துண்டு மிஞ்சும். கழிவு 8 சதவீதம் என்று வைத்தாலே துணி 41 ஆகிவிடும். லேபிள், மடித்துக் கட்டும் உறை இரண்டுக்கும் 3. கடைவரை கொண்டுபோய்ச் சேர்க்க 4. நூற்றில் மூன்று பை தையல் கோணியோ கைப்பிடி பிய்ந்தோ திரும்பி வந்தால், அந்த மூன்றின் செலவை மற்ற 97 பைகள்தான் சுமக்க வேண்டும். அது பைக்கு 2. உங்கள் தையல் கூலி 15, கைப்பிடி, நூல் 7 உட்பட எல்லாம் கூட்டினால் 72. உங்கள் 40 இப்போது 28.

அடுத்து அந்த 18,000. அதில் உங்கள் சம்பளம் இல்லை. முதல் ஆண்டில் எனக்கு எதுவும் வேண்டாம் என்று பலர் எழுதுகிறார்கள். வேண்டாம் என்று சொன்னாலும் வீட்டுச் செலவு நிற்காது. அது கல்லாவிலிருந்துதான் கணக்கில் வராமல் போகும். 12,000 என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவு 30,000. அதை 28-ஆல் வகுத்தால் 1,072 பை.

இங்கேதான் இன்னொரு கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். ஊசி மாற்ற, பாபின் நிரப்ப, வெட்டின துணிக்குக் காத்திருக்க என்று ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தையலுக்கு மிஞ்சுவது 384 நிமிடம். பைக்கு 18 நிமிடம் என்றால் ஒரு மெஷினில் நாளுக்கு 21 பை, இரண்டிலும் 42, மாதம் 25 வேலைநாளில் 1,050. அதாவது ஒரு நாள்கூட மெஷின் நிற்காமல் ஓடி, தைத்த அத்தனையும் விற்றாலும் உங்களுக்கு நட்டம்தான். அதிகாரிக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும்.

இதைப் பார்த்ததும் மூன்றாவது மெஷின் வாங்கத் தோன்றும். வேண்டாம். விலையைப் பாருங்கள். 100-ஐ 108 ஆக்கினால் பைக்கு மிஞ்சுவது 36. கையைக் கடிக்காத எண்ணிக்கை 834-க்கு இறங்குகிறது. விலை 8 சதவீதம் ஏறினால் தைக்க வேண்டிய பையில் ஏறக்குறைய 240 குறைகிறது. இதே விஷயம் மறுபக்கமும் வேலை செய்யும். 100-க்கு விற்கும்போது கடைக்காரர் "பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள், நிறைய எடுக்கிறேன்" என்றால், 28 என்பது 18 ஆகி, தேவை 1,667 பைக்கு எகிறிவிடும். அவர் "நிறைய" என்பதற்குள் ஐந்நூறு, அறுநூறு பை கூடுதலாக இருந்தால் ஒழிய ஒத்துக்கொள்ளாதீர்கள். இருந்தாலும் தைக்க மெஷின் இல்லை.

108 கிடைக்குமா என்பதை வாடிக்கையாளர் பக்கமிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் அதே மாதிரிப் பை 150-க்கு விற்கிறது, கடைக்காரருக்கு விற்பனை விலையில் 30 சதவீதம் வேண்டும் என்றால் அவர் பங்கு 45, உங்களுக்கு 105. தன் கொள்முதல் விலைமேல் 30 சதவீதம் வைத்தால் போதும் என்கிறவருக்கு நீங்கள் 115-க்கே கொடுக்கலாம். "முப்பது" என்று வாயால் சொல்வது ஒன்றுதான், எதன்மேல் முப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சந்தை பற்றி நீங்கள் எழுதியிருக்கும் ஏழு பக்கத்துக்குப் பதிலாக இருபது கடைகளின் பட்டியல் ஒரு பக்கம் போதும். அங்கே கொள்முதலை யார் முடிவு செய்கிறார், இப்போது எந்தப் பை எவ்வளவுக்கு வருகிறது, மாதம் எத்தனை போகிறது, பணம் எத்தனை நாளில் தருகிறார். "வாங்குவீர்களா?" என்று கேட்டால் முகத்துக்கு நேரே எல்லாரும் ஆமாம் என்பார்கள். பத்துப் பையை நீட்டி, ரொக்கம் கேளுங்கள். இருபதில் எத்தனை பேர் பணத்தை எடுக்கிறார்கள் என்பதுதான் உங்கள் 1,000-க்கு ஆதாரம். மொத்தச் சந்தையில் ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும் என்று எழுதிய பத்தியை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு சதவீதத்தைத் தேடிப் போகும் வழி அதில் இல்லை.

இனி, உங்கள் அறிக்கையில் அறவே இல்லாத பக்கம். லாப நட்டக் கணக்கு இருக்கிறது, மாதாமாதம் கல்லாவில் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு இல்லை. விலை 108, செலவு 72, முதல் மாதம் 400 பை, இரண்டாம் மாதம் 700, பிறகு 1,000 என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். மாதக் கடைசியில் சரக்கு போய் 45 நாளில் பணம் வந்தால், முதல் மாதத்துப் பணம் மூன்றாம் மாதம்தான் கைக்கு வரும்.

முதல் மாதம் பைகளுக்கு 28,800, மாதச் செலவு 30,000; வெளியே போவது 58,800, வரவு பூஜ்யம். இரண்டாம் மாதம் 80,400 போகிறது, அப்போதும் வரவு இல்லை. மொத்தப் பற்றாக்குறை 1,39,200. மூன்றாம் மாதம் 1,02,000 போகிறது, முதல் மாதத்து 43,200 வருகிறது, பற்றாக்குறை 1,98,000. நான்காம் மாதம் வரவு 75,600, பற்றாக்குறை 2,24,400. ஐந்தாம் மாதம்தான் 1,08,000 வந்து, செலவுபோக முதன்முதலாக 6,000 நிற்கிறது.

மூன்றாம் மாதத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஆயிரம் பைக்கு 36 வீதம் 36,000, மாதச் செலவு போக 6,000 லாபம் என்று உங்கள் லாப நட்டக் கணக்கு காட்டும். அதே மாதம் கல்லாவிலிருந்து 58,800 காலியாகிறது. இரண்டும் சரியான கணக்குதான். கடைகளில் கிடக்கும் உங்கள் பணத்தை முதலாவது கணக்கு லாபம் என்கிறது, துணிக்காரரோ கையில் ரொக்கம் கேட்கிறார். விற்பனை வேகமாக ஏறினால் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும். ஆர்டர் குவிந்த நேரத்தில் துணி வாங்கப் பணமில்லாமல் தொழில் படுப்பது இப்படித்தான்.

நீங்கள் ஒதுக்கிய 50,000 முதல் மாதமே தீர்ந்துவிடும். தேவை 2,24,400, பணம் பிந்தி வந்தால் தாக்குப்பிடிக்க அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 2,70,000 என்று எழுதுங்கள். மெஷின் கடனின் அசல் தவணையும் இந்தத் தாளில் வர வேண்டும். அசல் செலவல்ல என்பதால் லாப நட்டக் கணக்கில் வராது, ஆனால் கல்லாவிலிருந்து போகும். மெஷின் பழசாகி மதிப்பு குறைவதைக் காட்டும் தேய்மானம் இதற்கு நேர் எதிர்: லாப நட்டக் கணக்கில் வரும், கல்லாவிலிருந்து போகாது. தவணை மாதம் 4,000 என்றால் அந்த 6,000-இல் மிஞ்சுவது 2,000. அதை வைத்து இரண்டே கால் லட்சத்துப் பள்ளத்தை மூட ஒன்பது ஆண்டு ஆகும்.

ஆகவே இப்போதைய உருவத்தில் இந்தத் திட்டத்துக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பேன். முதல் மூன்று மாதம் மெஷினும் வேண்டாம், வாடகை இடமும் வேண்டாம். ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவரிடம் துணியை வெட்டிக் கொடுத்து, பீஸ் ரேட்டில், அதாவது பைக்கு இவ்வளவு என்ற கூலியில், தைத்து வாங்குங்கள். கூலி பைக்கு 15-க்குப் பதில் 22 ஆகலாம். 36 என்பது 29 ஆகும். ஆனால் வாடகை, வட்டி, கட்டிங் ஆள் இல்லாமல் மாதச் செலவு உங்கள் 12,000-உடன் சில்லறைச் செலவு 2,500 என்று நின்றால், 500 பையிலேயே கை கடிக்காது. கடைகளில் பாதியையாவது 15 நாள் கெடுவுக்குக் கொண்டுவர முடிகிறதா என்பதையும் அந்த மூன்று மாதத்தில் பார்த்துவிடலாம். அரை சதவீதம், ஒரு சதவீதம் தள்ளுபடி கொடுத்தாவது அதை வாங்குவது லாபம்.

பிறகு திட்டத்தைப் புதிதாக எழுதுங்கள். முதல் பக்கத்தில் என்ன பை, யாருக்கு, எவ்வளவு பணம் வேண்டும், எந்த மாதம் திருப்பித் தர ஆரம்பிப்பீர்கள். இரண்டாவதில் ஒரு பையின் செலவுக் கணக்கு, துணி பில்லும் கூலி ரசீதும் இணைத்து. மூன்றாவதில் கடைகளின் பட்டியல். நான்காவதில் பன்னிரண்டு மாதக் கல்லாக் கணக்கு. பதிவு, வரி எண், உரிமம் இவற்றின் நகல்கள் பின்னிணைப்பில். விற்பனை வரி வசூலித்தால் அது உங்கள் பணமல்ல, கணக்கில் தனியாகக் காட்டுங்கள்.

கல்லாக் கணக்கை நான்கு முறை போட வேண்டும். ஒன்று நீங்கள் எதிர்பார்ப்பது. மற்றவை, விற்பனை 30 சதவீதம் குறைந்தால், கடைகள் 75 நாளில் பணம் தந்தால், துணி விலை பத்து சதவீதம் ஏறினால். கடைசியில் சொன்னது நடந்தால் 36 என்பது 32 ஆகி, கையைக் கடிக்காத எண்ணிக்கை 938-க்குப் போகும். 1,050-க்கும் அதற்கும் நடுவே எத்தனை இடம் இருக்கிறது என்று அதிகாரி நிச்சயம் கேட்பார். இம்முறை "எப்படி?" என்று கேட்டால் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.