எடின்பரோவுக்கு விளக்கு, மூணாறுக்கு வெயில்

அன்புள்ள ஐயா,

மூணாறுக்குப் பக்கத்தில் எஸ்டேட் லயத்து வீட்டில் இருக்கிறோம். மகள் எடின்பரோவில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு வந்தவள் பொங்கல் முடிந்துதான் கிளம்பினாள். போனதிலிருந்து, "எழுந்திரிக்கவே மனசில்லம்மா, ரொட்டியும் இனிப்புமா தின்னுட்டே இருக்கேன், யார்கிட்டயும் பேசப் பிடிக்கல" என்கிறாள். போன இரண்டு வருஷமும் குளிர்காலத்தில் இப்படித்தான் இருந்தாள், ஏப்ரலில் தானாகச் சரியானது. அங்கே டாக்டர் சொல்லி ஒரு வெளிச்ச விளக்கு வாங்கியிருக்கிறாள். ஐந்து நாளாக விடியுமுன்னே அதன் எதிரில் உட்கார்ந்தும் பலனில்லை, ராத்திரி மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம். எனக்கும் இங்கே வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சமைக்கப் பிடிக்கவில்லை. மத்தியானம் கம்பளிக்குள் படுத்தால் பொழுது சாய்ந்துதான் எழுகிறேன். காலையில் தலை பாரம் வேறு. "நீயும் ஒரு விளக்கு வாங்கும்மா" என்கிறாள். வாங்கலாமா?

ஒரு வாசகி, மூணாறு

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வாங்க வேண்டாம். மகள் வாங்கியது சரிதான், ஆனால் அதன் முன் உட்காரும் நேரத்தை இப்போதைக்கு மாற்ற வேண்டும். இருவருக்கும் ஒரே மாதத்தில் சோர்வு வந்திருக்கிறது, காரணம் ஒன்றல்ல.

எடின்பரோவில் டிசம்பர் கடைசியில் பகல் ஏழு மணி நேரம்தான். எட்டேமுக்காலுக்கு விடிந்து, நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகல் டூட்டிக்குப் போகும் நர்ஸ் சூரியனையே பார்க்காமல் வீடு திரும்ப வேண்டியதுதான். எழுந்திரிக்க மனமில்லாமல் போவது, மாவுப் பண்டங்கள் மேல் ஆசை, ஆள் கூட்டம் பிடிக்காமல் போவது, வசந்தத்தில் தானாகத் தெளிவது என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் பருவகால மனச்சோர்வின் அடையாளங்கள். 1984-இல் நார்மன் ரோசென்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவில் இதை விவரித்து எழுதினார்கள், வெளிச்ச சிகிச்சையையும் சோதித்தார்கள்.

மூன்று மணி விழிப்பு வேறு கதை. அங்கே மூன்று என்றால் நம் ஊரில் எட்டரை. உடம்பு இன்னும் மூணாறு நேரத்தில்தான் ஓடுகிறது. மேற்கே போனவருக்கு உடல் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போக வேண்டும், அதாவது தூக்கமும் விழிப்பும் தாமதமாக வர வேண்டும். மாலை வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும், அதிகாலை வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். விடியுமுன் விளக்கைப் போட்டு அவர் தன்னைத் திரும்ப இந்திய நேரத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கிறார். நான்கைந்து நாளைக்கு விளக்கை மாலை ஆறு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள். காலையில் மங்கிய வெளிச்சம் போதும். சாயங்காலம் ஏழு மணிக்குத் தூக்கம் அழுத்தினாலும் ராத்திரி பத்து வரை தாக்குப்பிடிக்கட்டும். ஆறு மணி வாக்கில் தானாக விழிப்பு வர ஆரம்பித்தபின் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அதன்பின் தினமும் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 10,000 லக்ஸில் அரை மணி நேரம் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). பலர் சறுக்குவது தூரத்தில். பெட்டியில் 10,000 என்று போட்டிருந்தாலும் அது குறிப்பிட்ட தூரத்தில் மட்டும்தான், பல விளக்குகளுக்கு 30 செ.மீ. சொச்சம். அளவு விளக்கோடு வந்த தாளில் இருக்கும். மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் முகத்தில் விழுவது கால்வாசிகூட இருக்காது. 2,500 லக்ஸ் என்றால் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். விளக்கையே முறைத்துப் பார்க்கத் தேவையில்லை. கண்மட்டத்துக்குச் சற்று மேலே, கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் போதும், சாப்பிடலாம், படிக்கலாம். கண் மட்டும் திறந்திருக்க வேண்டும். புறஊதாக் கதிரை வடிகட்டிய விளக்குதானா என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும். தலைவலியோ கண் உளைச்சலோ வந்தால் நேரத்தைப் பாதியாக்கிப் பிறகு மெல்லக் கூட்டலாம். நைட் டூட்டி முடிந்து வந்த காலையில் விளக்குப் பக்கமே போகக் கூடாது, பகல் தூக்கம் கெட்டுவிடும்.

குணம் தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். தெரிந்ததும் நிறுத்திவிடுவது இன்னொரு தவறு, மார்ச் கடைசி வரையாவது தொடரட்டும். விழித்திரைக் கோளாறு இருந்தாலோ, வெளிச்சம் பட்டால் தோல் எரியவைக்கும் மருந்து எடுத்தாலோ, முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவு மீறிய உற்சாகத்தில் நாட்கள் போயிருந்தாலோ டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். மனச்சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களை இந்த விளக்கு அந்த உற்சாகத்தின் பக்கம் தள்ளிவிடக்கூடும். அங்கே குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கட்டும், ஆனால் அது எலும்புக்கு, மனசு மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி உங்கள் விஷயம். மூணாறில் மார்கழி, தையில்கூடப் பகல் பதினொன்றரை மணி நேரம். தை பிறந்தும் விடியல் தள்ளிப்போவது போலத் தோன்றுவது உண்மைதான், நம் பக்கம் ஜனவரி கடைசி வரை சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகத்தான் உதிக்கும். ஆனாலும் வெளிச்சத்துக்குப் பஞ்சம் இல்லை. உறைபனி விழுந்த மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும். பஞ்சம் லயத்துக்குள்ளே. சின்ன சன்னல், குளிருக்குச் சாத்திய கதவு, ஒரு டியூப் லைட் என்றால் 200 லக்ஸ் தேறினால் அதிகம். வாசலுக்கு வந்தால் நிழலில்கூட அந்த விளக்குக்கு ஈடான வெளிச்சம், காசில்லாமல்.

மலை மறைப்பதால் லயத்து முற்றத்துக்கு வெயில் வர எட்டு மணியும் ஆகலாம். முதல் சாயாவை அதுவரை தள்ளிப்போடுங்கள், வெயில் விழும் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து குடியுங்கள். வீட்டை ஒட்டி நாலு பீன்ஸ் செடி, கொத்தமல்லி இருந்தால் இன்னும் நல்லது. சாயங்காலம் பழைய சாக்கால் மூடுங்கள், காலையில் வெயில் ஏறியதும் எடுங்கள். பனியில் செடியும் கருகாது, இரண்டு வேளையும் நீங்கள் வெளியே வந்தாக வேண்டும். "மனசு சரியானதும் செய்யலாம்" என்று இருந்தால் மனசு சரியாகாது. வேலை முதலில், மனசு அதன் பின்னால் வரும். மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சைகளில் ஒன்று இந்த வழியில்தான் நடக்கிறது. தைப்பூசத்துக்கு யாரோடு எங்கே போகிறீர்கள் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

தலை பாரம் என்று எழுதியதுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ராத்திரி கணப்புச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிறீர்களா? அப்படியானால் இன்றைக்கே நிறுத்துங்கள். அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். வாடை இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. தலைவலி, அசதி, குமட்டல் என்று மனச்சோர்வு போலவே காட்டும், கூடிப்போனால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். படுக்குமுன் சட்டியை வெளியே வையுங்கள். காலடியில் வெந்நீர்ப் பை போதும்.

மத்தியானத் தூக்கத்தை விரட்ட ஒரு யோசனை. மகளுக்குக் காலை எட்டு என்றால் உங்களுக்கு ஒன்றரை. லீவு நாளில் அவர் விளக்கின் முன் உட்காரும் அந்த அரை மணி நேரம் போனில் பேசுங்கள். டூட்டி நாளில் அவர் ஆறு மணிக்கே உட்கார வேண்டியிருந்தால் உங்களுக்குப் பதினொன்றரை. அவரும் எழுந்திருந்து ஆக வேண்டும், நீங்களும் கம்பளிக்குள் போக முடியாது.

இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் வயதில் சோர்வுக்கு இவையும் காரணமாகும். மலையிறங்கிப் போகச் சிரமம் என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு உங்களுக்கோ மகளுக்கோ ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே உதவி கேளுங்கள்.