மில் மூடிய ஊருக்கு யார் திட்டம் போடுவது?

கேள்வி: அப்பா மில் தொழிலாளி. மில் போனதோடு எங்கள் தெருவின் களையும் போய்விட்டது. பிரிட்டனில் இப்படி நொடித்த ஊர்களை நிமிர்த்தத் தனி அமைப்பே இருக்கிறதாமே, புதுச்சேரிக்கும் அப்படி ஒன்று வந்தால் என்ன?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: இருந்தது, இப்போது இல்லை. 1998-ல் சட்டம் போட்டு இங்கிலாந்துக்கு மட்டும் 9 பிராந்திய வளர்ச்சி முகமைகளை அமைத்தார்கள். கைவிட்ட ஆலை நிலத்தைச் சீர்செய்வது, புதுக் கம்பெனிகளைக் கூட்டி வருவது, ஆட்களுக்குத் தொழில் பழக்குவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. 2010-ல் ஆட்சி மாறியது, 2012-க்குள் மூடிவிட்டார்கள். அப்புறம் உள்ளூர்த் தொழில்காரர்களும் கவுன்சில்களும் சேர்ந்த 39 கூட்டமைப்புகள் வந்தன. அவற்றுக்கும் 2024 ஏப்ரலோடு நிதியை நிறுத்தி, வேலையை உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டார்கள். ஒரு பேட்டையில் நாலு தொழில் வேர்பிடிக்கவே பத்து வருஷம் ஆகும், பலன் தெரிகிற நேரத்தில் இவர்கள் பலகையை மாற்றிவிடுகிறார்கள்!

ஆனாலும் பலகை விழுந்தபோது வேலையை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு கவுன்சில் இருந்தது. நமக்கு? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் ஒன்று, 38 வருஷம் கழித்து 2006-ல் ஒன்று, அவ்வளவுதான். 2011-க்குப் பிறகு நகராட்சியிலும், பல கிராமங்கள் சேர்ந்த கொம்யூன் பஞ்சாயத்திலும் தேர்ந்தெடுத்த ஆளே கிடையாது. 1898-ல் தொடங்கிய ஏஎஃப்டி (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில் 2020-ல் மூடப்பட்டபோது, இனி அந்த இடத்தில் என்ன வரலாம் என்று பேட்டைக்காரர்கள் போய்க் கேட்க ஒரு வார்டு கவுன்சிலர்கூட இல்லை. பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டத்தைக் கடைக்காரர்கள் எதிர்த்து நின்றது நினைவிருக்கும். அந்தச் சண்டையைத் திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே நகராட்சிக் கூட்டத்தில் போட்டிருக்கலாம். இந்த நிலையில் புது முகமை வந்தால் இன்னொரு அலுவலகமும் நாலு ஜீப்பும்தான் மிச்சம். முதலில் தேர்தலைக் கேளுங்கள்.

கேள்வி: கடலூரில் மாவட்டத் திட்டக் குழு இருக்கிறதே, நாங்கள் தேவலையா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: சட்டப்படி தேவலைதான். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும். ஊராட்சி, மாநகராட்சித் திட்டங்களைச் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரு வரைவுத் திட்டம் தயாரித்து மாநில அரசுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. 'வரைவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பணமும் முடிவும் சென்னையில் இருக்கின்றன. அதிலும் கிராமப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். உங்கள் மாநகராட்சிக் கவுன்சிலரைப் பார்த்தால், அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்களேன். பதில் வந்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.