ஆஸ்கர் மிஷோவின் ஊமைப்படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்டுடியோ துணையில்லாமல் 1919-இல் கறுப்பின அமெரிக்கரான மிஷோ முழுநீளப் படம் எடுக்க மூலதனம் எங்கிருந்து வந்தது?

பதில்: பங்கு விற்றுத்தான். மிஷோ தெற்கு டகோட்டாவில் நிலம் உழுதவர். நாவல் எழுதி, அதைத் தானே வீடு வீடாகச் சுமந்து போய் விற்றவர். 1917-இல் வந்த ‘தி ஹோம்ஸ்டெடர்’ நாவலைப் படமாக்க லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி கேட்டது. நானே இயக்குவேன் என்று இவர் பிடிவாதம் பிடிக்க, பேச்சு முறிந்தது. அயோவாவின் சூ சிட்டி வட்டாரத்து வெள்ளை விவசாயிகளிடம் பங்கு ஒன்று 75 முதல் 100 டாலர் வரை விற்றுச் சொந்தக் கம்பெனி தொடங்கினார். எட்டு ரீல் படம் 1919 பிப்ரவரியில் சிகாகோவில் வெளியானது. புத்தகம் வாங்கிப் பழகிய வாசல்கள்தான் அவருடைய நிஜமான மூலதனம் என்பேன்.

கேள்வி: விநியோகஸ்தர் யார்?

பதில்: பெரும்பாலும் அவரேதான். முடிந்த படத்தின் பிரின்ட், அடுத்த படத்தின் ஸ்டில்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு தியேட்டர் தியேட்டராகப் போவார். முதலாளி கொடுக்கும் அட்வான்ஸில் அடுத்த ஷூட்டிங் நடக்கும். கறுப்பினத்தவர் தியேட்டர்கள் தவிர, தெற்கில் வெள்ளையர் தியேட்டர்களின் நள்ளிரவுக் காட்சியும் கிடைக்கும். பிரின்ட் சிலவே என்பதால் அதே பெட்டி ஊர் ஊராகச் சுற்றும். அறுந்த இடத்தை ஒட்டும்போதெல்லாம் சில ஃபிரேம் போய்விடும்.

கேள்வி: மிஷோவின் ‘வித்தின் அவர் கேட்ஸ்’ படத்தைச் சிகாகோ சென்சார் ஏன் மறித்தது?

பதில்: 1919 ஜூலையில் அந்த ஊரில் நடந்த இனக் கலவரத்தில் 38 பேர் செத்திருந்தார்கள். படத்திலோ ஒரு குத்தகை விவசாயியையும் மனைவியையும் வெள்ளைக் கும்பல் தூக்கிலிட்டு எரிக்கிறது. மீண்டும் கலவரம் மூளும் என்று பயந்தார்கள். முதலில் மறுத்து, பிறகு அனுமதித்து, 1920 ஜனவரியில் ஓடியது. அந்தக் கொலைக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். ஒரு ஷாட்டில் கும்பல். அடுத்த ஷாட்டில், அந்தத் தம்பதி வளர்த்த சில்வியாமேல் பாயும் வெள்ளைக்காரன். அவள் மார்பிலிருக்கும் தழும்பைக் கண்டதும் தன் மகள்தான் என்று தெரிந்து திகைத்து நிற்கிறான். 1915-இல் கிரிஃபித் இயக்கிய ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ படம் கறுப்பினத்தவனை மிருகமாகக் காட்டப் பயன்படுத்திய அதே மாற்றி மாற்றி வெட்டும் உத்தி, இங்கே எதிர்ப்பக்கம் திரும்புகிறது.

கேள்வி: எடிட்டிங் தாவுகிறதே. அவருக்குத் தொழில் கைவரவில்லையா?

பதில்: பழியை உடனே அவர்மேல் போடாதீர்கள். நாம் பார்க்கும் ‘வித்தின் அவர் கேட்ஸ்’ ஸ்பெயினில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் கிடைத்த பிரின்ட். வசனம் காட்டும் எழுத்து அட்டைகளை ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1993-இல் சீரமைத்தது. நடுவே தொலைந்த பகுதியை ஓர் அட்டைதான் இட்டு நிரப்புகிறது. ‘பாடி அண்ட் சோல்’ (1925) கதையோ வேறு: நியூயார்க் சென்சாருக்காக ஒன்பது ரீலை ஐந்தாக்கினார். சென்சார் இருந்த மாநிலங்கள் தனித்தனியாக வெட்டின. ‘முழுப் படம்’ என்று ஒன்றே ஒன்று இருந்ததாக நினைப்பதுதான் தவறு. அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கவும் வேண்டாம்: இரவல் வீட்டில் அரைகுறை வெளிச்சம், ரீடேக் எடுக்கப் பணமில்லாத அவசரம், இரண்டும் திரையில் தெரியும்.

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தில் போடப் போகிறோம். எந்த வேகத்தில் ஓட்டலாம்?

பதில்: 35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். 1000 அடி ரீலுக்கு 16,000. நொடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் 16 நிமிடம் 40 நொடி; 24 ஓட்டினால் 11 நிமிடம் சொச்சம். டிஜிட்டல் பிரதியில் வேகம் ஏற்கெனவே பதிந்திருக்கும். ஃபைலில் 24 என்று இருப்பதை நம்பாமல் ஆட்கள் நடப்பதைப் பாருங்கள். துள்ளித் துள்ளி நடந்தால் வேகம் கூடுதல். புரொஜெக்டரை 4:3-க்கு வையுங்கள். அகலத்திரைக்கு நிரப்பினால் மேலே தலையும் கீழே எழுத்து அட்டையின் கடைசி வரியும் வெட்டுப்படும்.

கேள்வி: மொத்தம் எத்தனை மிஞ்சியது?

பதில்: இருபதுக்கு மேல் எடுத்த ஊமைப்படங்களில் மூன்று. மூன்றாவது ‘தி சிம்பல் ஆஃப் தி அன்காங்கர்ட்’ (1920), பெல்ஜியத்தில் கிடைத்தது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தானாகவே சிதையும். பாதுகாத்து வைக்க ஸ்டுடியோ கிடங்கும் இல்லை. ஒன்றுதான் போட முடியும் என்றால் ‘பாடி அண்ட் சோல்’ போடுங்கள்: பாடகரும் நடிகருமான பால் ராப்சனின் முதல் படம், அதிலேயே இரட்டை வேடம்.