காசு எந்த டப்பாவிலிருந்து போகிறது?

போன முறை, "எதற்குச் செலவு செய்துவிட்டுப் பிறகு முழித்தீர்கள்?" என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் இரண்டு கட்டுதான் பெரிதாக இருந்தது. ஒன்று, படம், பாட்டு, விளையாட்டு என்று பொழுதுபோக்குக்குப் போன காசு. இன்னொன்று, "பூமிக்கு நல்லது", "நியாயமாகத் தைத்தது" என்ற அட்டையைப் பார்த்து வாங்கிய துணி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. படிக்கப் படிக்க, இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான் நடக்கிறது என்று பட்டது: காசை நீட்டும்போது மனசில் சுருக்கென்று ஒன்று குத்துமே, அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஓர் இடத்தில் மறைத்து, இன்னோர் இடத்தில் தடவிக்கொடுத்து. சில கடிதங்களும் என் பதில்களும் இதோ.

செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற ஆள் நான். ஆனால் பாட்டுக் கச்சேரி டிக்கெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறேன். எனக்கு என்ன கோளாறு அக்கா?

கோளாறு ஒன்றும் இல்லை தம்பி. எல்லாருக்குமே மனசுக்குள் காசுக்குத் தனித்தனி டப்பா இருக்கிறது. வீட்டுச் செலவு ஒன்று, சேமிப்பு ஒன்று, ஆசைக்கு என்று ஒன்று. 2017-ல் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் இதைத்தான் மனக்கணக்கு என்கிறார் (பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேட்ட மனக்கணக்கு வேறு).

இதைப் பளிச்சென்று காட்டிய கேள்வி ஒன்று உண்டு. உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1981-ல் வெளியிட்டது. நாடகம் பார்க்கப் போகிறீர்கள், டிக்கெட் 10 டாலர். வாசலில் போய்ப் பார்த்தால் 10 டாலர் நோட்டு ஒன்று எங்கேயோ தொலைந்திருக்கிறது. இப்போதும் டிக்கெட் வாங்குவீர்களா? 88 சதவீதம் பேர் வாங்குவோம் என்றார்கள். இன்னொரு கூட்டத்திடம், வாங்கி வைத்த டிக்கெட்டே தொலைந்துவிட்டது, வேறொன்று வாங்குவீர்களா என்று கேட்டார்கள். வாங்குவோம் என்றவர்கள் 46 சதவீதம்தான். இரண்டிலும் தொலைந்தது அதே 10 டாலர்! நோட்டு தொலைந்தால் அது பொதுச் செலவு. டிக்கெட் தொலைந்தால் அது நாடக டப்பாவின் நஷ்டம், ஒரே நாடகத்துக்கு 20 கொடுக்க மனசு ஒப்பவில்லை.

செருப்பு உங்களுக்குத் தேவை டப்பாவில் இருக்கிறது, அங்கே நீங்களே காவல்காரன். கச்சேரி "வாழ்க்கையில் ஒரு தடவை" டப்பாவில் இருக்கிறது, அங்கே காவலே கிடையாது. அதோடு செருப்புக்குப் பக்கத்துக் கடை உண்டு, விலையை ஒப்பிடலாம். அந்தப் பாடகருக்குப் பக்கத்துக் கடை ஏது? "கடைசிச் சுற்றுப்பயணம்", "இன்னும் சில இருக்கைகளே" என்று விளம்பரம் போடுகிறவருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அப்புறம் கார்டு. ட்ராசன் ப்ரெலெக், டங்கன் சைமெஸ்டர் என்ற இருவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படிக்கும் மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். பாதிப் பேர் ரொக்கமாகத் தர வேண்டும், மீதிப் பேர் கிரெடிட் கார்டில். 2001-ல் வந்த அந்தக் கட்டுரையின்படி கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக இரண்டு மடங்கைத் தாண்டியது. அதே டிக்கெட், அதே ஆட்டம். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கும், கார்டில் அந்தத் தயக்கத்துக்கு நேரமே இல்லை.

தியேட்டரில் அரை மணி நேரத்திலேயே படம் அறுவை என்று தெரிந்துவிட்டது. காசு கொடுத்தாச்சே என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்திருக்கலாமோ?

வந்திருக்கலாம். காசுதான் போச்சு, மிச்ச நேரமாவது தப்பியிருக்கும். ஆனால் எழுந்திருக்க மாட்டோம். 1985-ல் ஹால் ஆர்க்ஸும் காதரின் ப்ளூமரும் எழுதிய கட்டுரையில், ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவம் முழுவதுக்குமான டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். பிறகு அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. கொடுத்த காசின் சூடு ஆறுகிறவரை ஓடி ஓடிப் போகிறோம், அவ்வளவுதான்.

ஆறு மாதமாகத் திறந்தே பார்க்காத ஓடிடி-க்கு மாதாமாதம் காசு போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன், நிறுத்தவில்லை. என் சோம்பலா, அவர்கள் சாமர்த்தியமா?

இரண்டும்தான், ஆனால் உங்கள் சோம்பலைக் கணக்கில் சேர்த்துத்தான் அவர்கள் தொழிலே நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லிரன் ஐனவ், பென் க்ளோபக், நீல் மகோனி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் கார்டு பரிவர்த்தனைகளை வைத்து ஒன்று செய்தார்கள். வங்கி பழைய கார்டை மாற்றிப் புதியது தரும்போது சந்தாக்காரர் நம்பரை மறுபடி உள்ளிட வேண்டி வருகிறது இல்லையா, அந்த மாதத்தில் மட்டும் சந்தாவை விடுகிறவர்கள் திடீரென்று கூடினார்கள். அதாவது இத்தனை நாளும் அவர்கள் விரும்பிக் கட்டவில்லை, கவனிக்காமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்படிக் கவனிக்காமல் விடுவதால் விற்பவரின் வருமானம் சேவையைப் பொறுத்து 14 சதவீதத்திலிருந்து 200 சதவீதத்துக்கு மேல்வரை கூடுகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நானும் ஒரு சந்தாவிலிருந்து கழன்றது கார்டு காலாவதியான புண்ணியத்தில்தான்.

ரத்து செய்யப் போனால் திரையைப் பாருங்கள். "தொடர்கிறேன்" என்பது பட்டையாக, பளிச்சென்ற நிறத்தில் விரலுக்கு அடியிலேயே இருக்கும். "வேண்டாம்" என்பது வெள்ளையில் வெளிறிய சாம்பல் எழுத்தாக ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். அதைத் தேடி அழுத்தினால், "உங்களை இழக்க வருத்தமாக இருக்கிறது" என்று ஒரு பக்கம், பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு பக்கம், காரணம் சொல்லுங்கள் என்று ஒரு பக்கம். அமேசானின் பிரைம் சந்தா மீது அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டபோது, ரத்து செய்யும் அந்தச் சுற்றுவழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் ஒரு நீளமான கிரேக்கப் போர்க்காவியத்தின் பெயர் என்பது மனுவிலேயே வந்தது. ரசனைக்காரர்கள். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு சமரசமானது, தவறை ஒப்புக்கொள்ளாமலே.

ஒரு சின்ன வழி: இலவச மாதம் என்று சேர்ந்தால் சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். பல சேவைகளில் மாதம் முடிகிறவரை ஓடும்.

டிக்கெட் ஒரு விலை, காசு கட்டும் பக்கத்தில் இன்னொரு விலை. சேவைக் கட்டணம் என்று ஏற்றிவிடுகிறார்கள். முதலிலேயே சொன்னால் என்ன?

முதலிலேயே சொன்னால் நீங்கள் வாங்க மாட்டீர்கள், அதுதான் விஷயம். ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் தளம் பெரிய அளவில் சோதித்தே பார்த்தது. சிலருக்குக் கட்டணத்தைச் சேர்த்து முழு விலை காட்டினார்கள், சிலருக்குக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டினார்கள். கடைசியில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 21 சதவீதம் அதிகம் செலவழித்தார்கள், வாங்கி முடிப்பதும் 14 சதவீதம் கூடியது. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் இன்னும் நல்ல, விலை கூடிய இருக்கையாகப் பார்த்து எடுத்தார்கள். கட்டணம் தெரிய வரும்போது மனசு ஏற்கெனவே அந்த இருக்கையில் போய் உட்கார்ந்தாச்சு. அமெரிக்காவில் 2025 மே 12 முதல் நேரடி நிகழ்ச்சிகளுக்கு முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி.

பையன் மொபைல் விளையாட்டில் "வைரம்" வாங்குகிறான். நிஜக் காசு என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

தோன்றக் கூடாது என்பதற்காகத்தான் அதற்கு வைரம் என்று பெயர். காசை முதலில் கல்லாக மாற்றிவிட்டால், கல்லைச் செலவழிப்பது வலிக்காது. ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022-ல் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது, பொத்தான்களைக் குழப்பமாக வைத்து ஒரே அழுத்தில் காசு பிடித்த புகாருக்காக. பையனிடம் கோபப்படாமல், கார்டை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நியாயமாகத் தயாரித்த துணிதான் வாங்குவோம் என்று கல்லூரியில் எல்லாரும் பேசுகிறோம். தள்ளுபடி அறிவிப்பு வந்தால் முதலில் ஓடுவதும் நாங்கள்தான். நாங்கள் போலிகளா?

போலி என்று சொல்ல மாட்டேன். 2019-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ ஒரு கருத்துக்கணிப்பைக் குறிப்பிட்டது: சமூக நோக்கம் உள்ள பிராண்டுகளை வாங்க விரும்புகிறோம் என்றவர்கள் 65 சதவீதம், உண்மையில் வாங்குகிறவர்கள் சுமார் 26. சொல்லும்போது நல்லவராக இருக்கச் செலவில்லை.

அதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது 2010-ல் விளாதாஸ் க்ரிஸ்கெவிசியஸ் குழு செய்த ஆய்வு. அந்தஸ்தைப் பற்றி யோசிக்க வைத்துவிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நாலு பேர் பார்க்கக் கடையில் வாங்குவதாக நினைத்தவர்கள் சூழலுக்கு உகந்த பொருளை நோக்கிச் சாய்ந்தார்கள். வீட்டில் தனியாக இணையத்தில் வாங்குவதாக நினைத்தவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. நல்ல காரியம் செய்வதும், செய்வது வெளியே தெரிவதும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அதனால்தான் இந்தத் துணிகளில் முத்திரை உள்ளே இல்லாமல் வெளியே தெரிகிறது, சட்டையோடு எழுத்துப் போட்ட பையும் வருகிறது.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமான பேர் செத்தார்கள், பெரும்பாலும் தையல் தொழிலாளிகள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது, ஆனாலும் வேலைக்கு வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கட்டடப் பாதுகாப்புக்குப் பிராண்டுகளைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு வந்தது, உண்மைதான். ஆனால் இன்றைக்கு நியாயத் துணி விளம்பரத்தில் இலை இருக்கும், நீர்த்துளி இருக்கும், தைத்தவரின் கூலி பெரும்பாலும் இருக்காது. இலையைப் படம் பிடிப்பது சுலபம், கூலியை எப்படிப் படம் பிடிப்பது?

மூங்கில் துணி என்று ஒரு சட்டை வாங்கினேன். இயற்கைதானே?

நானும் ஒன்று வாங்கினேன். பழுப்புக் காகித அட்டை, சணல் கயிறு, பச்சையில் ஒரு மூங்கில் குருத்து. வீட்டுக்கு வந்து பக்கத் தையலில் இருக்கும் குட்டி வெள்ளை லேபிளைப் புரட்டினால்: விஸ்கோஸ் 95, எலாஸ்டேன் 5. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, இழையாக இழுத்தால் கிடைப்பது விஸ்கோஸ், அதாவது ரேயான். அந்தக் கார்பன் டைசல்ஃபைடு தொழிலாளியின் நரம்பைப் பாதிக்கும் ரசாயனம். மரம் எதுவானாலும் முடிவில் இழை ஒன்றுதான். ரேயானை மூங்கில் என்று சொல்லி விற்றதாக வந்த வழக்கில் 2022-ல் அமெரிக்கக் கடை நிறுவனங்களான வால்மார்ட் 30 லட்சம், கோல்ஸ் 25 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

ஆகவே தொங்கும் அட்டையைப் படிக்காதீர்கள், தைத்த லேபிளைப் படியுங்கள். ஆர்கானிக் என்று போட்டிருந்தால் ஜி.ஓ.டி.எஸ். (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்று) முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதில் குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும், ஆர்கானிக் என்றே எழுத 95 வேண்டும். ஆதாரமில்லாமல் "பசுமை", "சூழலுக்கு உகந்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்கிறது.

"இதை வாங்காதீர்கள்" என்று விளம்பரம் போட்டு யாராவது விற்பார்களா?

படகோனியா என்ற அமெரிக்க உடை நிறுவனம் விற்றது. 2011 நவம்பர் 25 அன்று நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்கம், தன் ஜாக்கெட்டின் படத்தைப் போட்டு, இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள் என்று. ஒன்று செய்ய 135 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்றும் சொன்னது. அடுத்த வருடம் நிறுவனத்தின் விற்பனை கூடியது. ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை, பழுதுபார்த்துத் தருவதையும் அவர்கள் செய்கிறார்கள். ஆனால் வாங்குகிறவருக்கு இருந்த குற்ற உணர்ச்சியை விற்கிறவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அப்புறம் வாங்குவதற்கு என்ன தடை?

என் அலமாரியில் துணிப்பை மட்டும் 11 இருக்கிறது அக்கா. எல்லாம் ஆர்கானிக். நான் நல்லவள்தானே?

2018-ல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குப் போட்டது. ஒரு ஆர்கானிக் பருத்திப் பை எல்லா வகைப் பாதிப்பிலும் சாதாரண பிளாஸ்டிக் பையை ஈடுகட்ட 20,000 தடவை பயன்பட வேண்டும், பருவநிலையை மட்டும் பார்த்தால் 149. நான் கடுமையான கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்: தினம் ஒரு தடவை என்றாலும் ஒரு பைக்கு 54 வருடத்துக்கு மேல். 11 பைக்கும் சேர்த்தால் 600 வருடம். உயில் எழுதும்போது பைகளை யாருக்கு என்று மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.