குஞ்சுத் தொட்டியைக் கழுவலாமா?

அன்புள்ள அண்ணா,

பர்மாவின் மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். மீன் வளர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான், போன வருடம் ரங்கூன் வந்தபோது பத்து கேலக்ஸி ரஸ்போரா வாங்கி வந்தேன். பாசிக்குள் முட்டையிட்டன. பாசியை அப்படியே எடுத்து ஒன்றரை அடித் தொட்டி ஒன்றில் தனியாகப் போட்டேன். அதில் கொஞ்சம் மணல், இரண்டு மூன்று செடி, ஏர் பம்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். 30 குஞ்சுக்கு மேல் வந்தன.

சின்னக் குஞ்சுகளாயிற்றே, அழுக்கில் நோய் வந்துவிடக் கூடாது என்று ஞாயிறுதோறும் அவற்றை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, மணலை அலசி, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து, கண்ணாடியைத் தேய்த்து, புதிதாக மழைத்தண்ணீர் நிரப்புகிறேன். ஞாயிறு மாலை தொட்டி பளபளவென்று இருக்கும். செவ்வாய், புதனில் இரண்டு மூன்று செத்துக் கிடக்கும். இப்போது 11 தான் மிச்சம். தண்ணீர் நாறுகிறது என்று அம்மா வேறு திட்டுகிறார். இதற்கு மேல் எப்படிச் சுத்தமாக வைப்பது? பெயரைப் போட வேண்டாம்.

உங்கள் வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

ஞாயிறு கழுவுகிறேன், செவ்வாய் புதனில் சாகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டு நாள் இடைவெளியில்தான் இருக்கிறது. அழுக்கால் சாவதாக இருந்தால் சனிக்கிழமையல்லவா செத்திருக்க வேண்டும்?

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகினால் அம்மோனியா வருகிறது. அது குஞ்சுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது, அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் ஆபத்து குறைகிறது. இந்த இரண்டு கூட்டமும் தண்ணீரில் மிதப்பது கொஞ்சம்தான். ஸ்பாஞ்சின் துளைகள், மணல், இலையின் பரப்பு, கண்ணாடியில் வழவழவென்று கைக்குப் படுகிற படலம், இங்கெல்லாம்தான் குடியிருக்கின்றன. நீங்கள் ஞாயிறுதோறும் கழுவி ஊற்றுவது அந்தக் குடியிருப்பைத்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பிழிந்த பிறகு மிச்சம் இருப்பதும் போய்விடும். குஞ்சுகள் மட்டும் தின்றுகொண்டே, கழிந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு நாளில் அம்மோனியா ஏறிவிடுகிறது.

இது எனக்கும் நடந்தது. தீபாவளிக்கு வீடு முழுக்க ஒட்டடை அடித்துக் கழுவிய கையோடு தொட்டியையும் கழுவினேன். ஸ்பாஞ்ச் வெள்ளையாகும் வரை பிழிந்தேன். இரண்டு மாதம் வளர்த்த குஞ்சுகள், வயிற்றில் அப்போதுதான் முத்துப்புள்ளி தெரிய ஆரம்பித்திருந்தது. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. அந்தக் காலித் தொட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் வளர்ப்பது நம் பர்மா நாட்டு மீன். ஷான் பீடபூமியில், தௌங்ஜிக்குக் கிழக்கே ஹோபோங் பக்கத்துக் குட்டைகளில் 2006-ல்தான் மீன் உலகத்தின் கண்ணில் பட்டது. 2007-ல் டைசன் ராபர்ட்ஸ் என்ற மீன் அறிவியலாளர் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். வளர்ந்த மீனே இரண்டு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அந்தக் குட்டைகள் ஆழமில்லாதவை, செடி அடர்ந்தவை. ஊற்று நீர் கசிந்து வந்து சேர்பவை. அங்கே யாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து கழுவுவதில்லை. பழைய தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீர் கலந்துகொண்டே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

முதலில் எதை விட்டுவைப்பது என்று சொல்கிறேன். பாசிக்குள் பழுப்பாகப் படிந்திருக்கும் தூசியைத் தொடாதீர்கள். நீந்த ஆரம்பித்த முதல் வாரத்தில் குஞ்சின் வாய்க்கு, நாம் முட்டையிலிருந்து பொரிக்கவைத்துத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற சின்ன இறால் வகைகூடப் பெரிது. அந்தத் தூசியில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அதற்கு அப்போது சாப்பாடு. பாசியை எடுத்து அலசினால் சோற்றுப்பானையைக் கவிழ்த்த மாதிரி. பின் கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடியிலும் பச்சை படர்ந்தால் படரட்டும். நீங்கள் பார்க்க வேண்டிய முன் கண்ணாடியை மட்டும் வழித்துவிட்டால் போதும். செடியில் அழுகின இலை இருந்தால் கிள்ளி எடுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள்.

எடுக்க வேண்டியது மிஞ்சிய தீனி. குறிப்பாக ஆர்ட்டீமியா. அது உப்புத் தண்ணீர் உயிர். நம் தொட்டிக்குள் சில மணி நேரம் துடிக்கும், அப்புறம் செத்து அடியில் படியும். நாற்றம் பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. முட்டையிலிருந்து பொரித்து வந்ததையெல்லாம் ஒரே வேளையில் கொட்டக் கூடாது. போட்ட கால் மணி நேரத்தில் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருக்க வேண்டும், தண்ணீரில் மிதப்பவை ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். 11 குஞ்சுக்குச் சொட்டு மருந்துக் குழலில் சில சொட்டு போதும். அதையே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அதிகமாகப் போட்டால் கண்ணாடியில் ஹைட்ரா ஒட்டிக்கொள்ளும். சின்ன நூல் மாதிரி, நுனியில் கை விரித்தபடி இருக்கும். சின்னஞ்சிறு குஞ்சையே பிடித்துத் தின்னும். கண்டால் அந்த இடத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தீனியைக் குறையுங்கள்.

இனி எப்படி எடுப்பது. தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் பெரிய சைஃபன் குழாய் வேண்டாம், குஞ்சையும் இழுத்துவிடும். ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய குழாயை ஒரு மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பழைய சாப்ஸ்டிக் குச்சியில் நூல் வைத்துக் கட்டினால் நேராக நிற்கும், நினைத்த இடத்தில் வைக்கலாம். மறுமுனையை ஒரு வெள்ளை பேசினில் விடுங்கள். வெள்ளையாக இருப்பது முக்கியம். தப்பி வந்த குஞ்சு கருப்பு நூல்துண்டு மாதிரி அதில்தான் தெரியும். ஐந்து நிமிடம் தெளியவிட்டுப் பாருங்கள். இருந்தால் கரண்டியால் தண்ணீரோடு மொண்டு திருப்பி விடுங்கள். வலையில் பிடிக்க வேண்டாம், கிண்ணத்தில் மாற்றி வைப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். அந்த வயதில் வலை பட்டாலே அடிபட்டுவிடும்.

உங்கள் தொட்டியில் 35 லிட்டர் தண்ணீர் இருக்கலாம். தினமும் காலையில், தீனி போடுவதற்கு முன்னால், அடியில் படிந்ததை உறிஞ்சும்போது மூன்று லிட்டர் வெளியே வந்தால் சரி. அதற்குப் பதிலாக மூன்று லிட்டர் புதுத் தண்ணீரை அதே குழாய் வழியாக உள்ளே விடுங்கள். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். முன்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மணலை ஒதுக்கி வெறுங்கண்ணாடியாக விட்டு, தீனியை அங்கேயே போட்டுப் பழக்குங்கள். குப்பையும் அங்கேயே சேரும், வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஸ்பாஞ்சை எப்போது பிழிவது? குமிழி வருவது குறைந்தால் மட்டும். அதுவும் உறிஞ்சி எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை மெல்ல அமுக்கினால் போதும். பழுப்பு நிறம் போகவே கூடாது.

மழைத்தண்ணீரைப் பற்றி. மோல்மேனில் மழைக்குப் பஞ்சமில்லை, தெரியும். ஆனால் மழைத்தண்ணீரில் தாது உப்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. ஷான் பீடபூமி சுண்ணாம்புக்கல் பூமி, இந்த மீன் தாது உப்பு கரைந்த அந்தத் தண்ணீருக்குப் பழகியது. தொட்டி முழுவதையும் மழைத்தண்ணீராக மாற்றினால் ஒரே நாளில் தண்ணீரின் குணமே மாறிவிடும், குஞ்சு தாங்காது. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்ப் ஓடவிட்டு ஓர் இரவு வைத்திருந்து ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் சேர்த்தாலும் பாதிக்கு மேல் வேண்டாம். எந்தக் கலவை என்று முடிவு செய்தாலும் அதையே தொடருங்கள்.

ஹோபோங் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அந்தக் குளிர்ச்சி நம் ஊர்களில் கிடையாது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, தீனியும் சீக்கிரம் அழுகும். சித்திரை வெயிலில் தொட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலைக்கு மாற்றி, தீனியை இன்னும் குறையுங்கள். கரண்ட் போகிறபோது பகலைவிட இரவைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும், இருட்டில் செடிகளும் பிராணவாயுவைத்தான் எடுக்கின்றன. பவர் பேங்கில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

நத்தை விடலாம். மிஞ்சிய தீனியைத் தின்னும், ஆனால் தின்றதைக் கழிவாக அங்கேயே போடும். அதனால் குழாய் வேலையிலிருந்து உங்களுக்கு விடுதலை இல்லை. அதைவிட மிதக்கும் செடிகளை நம்பலாம். அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நேரடியாக உறிஞ்சி வளர்கின்றன. வாரம் ஒரு பிடி அள்ளி வெளியே போட்டால் அவ்வளவு அழுக்கும் தொட்டியை விட்டுப் போனதாகக் கணக்கு.

இருக்கிற 11-ஐக் காப்பாற்றிவிடலாம். ஆனால் ஸ்பாஞ்சில் பாக்டீரியா மறுபடி குடியேறச் சில வாரமாகும். அதுவரை தீனியைப் பாதியாக்குங்கள். பெரிய மீன்கள் இருக்கும் தொட்டியிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடினால் அதையே இங்கே மாற்றி வையுங்கள், உடனே பலன் தெரியும். வண்ணம் முழுசாக ஏற மூன்று மாதமாவது பிடிக்கும், அவசரப்பட வேண்டாம்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். தினமும் பேசினில் வரும் அந்த மூன்று லிட்டர் தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை. வாசலில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் குஞ்சு எதுவும் இல்லையென்று பார்த்துவிட்டு அதற்கு ஊற்றட்டும். எங்கள் வீட்டுச் செடி அதைக் குடித்துத்தான் கூரையைத் தொடுகிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன்